பட்டாசுப் புகை அடங்குவதற்குள்

வூஹுவா,
நிலாப் பண்டிகை கழிந்த வாரம்

அன்பு மகன் ஆரோங்குக்கு அம்மா எழுதுவது.

கருணைத் தெய்வம் குவான்யின் தாயின் காப்பில் நாங்கள் நலம். உன் நலத்தை உன் வாயால் கேட்க வேண்டும். பண்டிகைக்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. பௌத்தச் சூத்திரப் புத்தகத்தைப் பார்த்து நானே பழகிய எழுத்து இது. பிழை கண்டால் வழக்கம்போல் சிரி.

பண்டிகையன்று நடந்ததை அப்பா சொல்லமாட்டார். உன் கால்பந்தாட்டம் எங்கள் வீட்டு டிவியில் வருவது அதுதான் முதல் தடவை என்பதால் குலத்தார் எல்லோரையும் அழைத்துவிட்டார். கோழிகளை உப்பில் புதைத்துச் சுட்டேன், தோஃபுவில் கறி அடைத்தேன். தொடக்கப் பதினொருவரில் உன் பெயரை வாசித்ததும் அவர் வாசலுக்கு ஓடி நீளச் சரத்தைக் கொளுத்தினார். வீடெல்லாம் புகை. இருமி, கண்ணைத் துடைத்து, எல்லோரும் திரும்பி உட்கார்ந்தபோது நீ களத்தை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தாய். உன் இடத்தில் வேறொருவர் ஓடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? “என்ன அண்ணே, டீ ஆறுறதுக்குள்ள பையன் வேலைய முடிச்சுட்டானே! இதுக்குச் சம்பளம்னா நானும் வர்றேன்” என்றார். “அடிபட்டிருக்கும்டா” என்றார் அப்பா. சித்தப்பா மகள் மெய்லிங்தான் உடைத்துச் சொன்னாள்: “இல்ல பெரியப்பா. இருபத்துமூணு வயசுக்குள்ள ஒருத்தன முதல்லயே எறக்கணும்னு சட்டம். எறக்கிட்டு உடனே எடுத்துட்டா சட்டத்துக்கும் ஆச்சு, கோச்சுக்கும் ஆச்சு. இந்த வருஷம் பூரா அண்ணனுக்கு இப்படித்தான்.” அதற்குமேல் யாரும் கோழியைத் தொடவில்லை.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமாவாசை, பௌர்ணமி தவறாமல் சைவம் சாப்பிட்டு நான் வேண்டியது, ‘பதினொருவரில் என் மகன் பெயர் வரட்டும்’ என்பதுதான். தாய் அதை அப்படியே கொடுத்தாள். ஆட்டம் முடியும்வரை நிற்கட்டும் என்று சேர்த்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

நேற்று உன் அறைத்தோழன் வெய் கூப்பிட்டான். அவன்மேல் கோபப்படாதே. “அம்மா, அவன் யாருகிட்டயும் பேசுறதில்ல. சாப்பாட்டுத் தட்ட அப்படியே திருப்பிடுறான். பால்கனியிலயே நிக்கிறான்” என்றான். “கொஞ்சம் பாத்துக்கப்பா” என்றேன். “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதான் பயமா இருக்கு” என்றான். புத்தாண்டு பிறந்தால் நீ அந்த வயதைத் தாண்டிவிடுவாய், கிளப் உன்னை வைத்துக்கொள்ளாது என்பதையும் அவன்தான் சொன்னான்.

அப்பா அதுவரை, “இன்னும் ஒரு சீசன் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். வெய் சொன்னதைக் கேட்டதும் எழுந்து பையை எடுத்து வைத்தார். எங்கே என்று கேட்டதற்கு, “அந்தப் பக்கம் குளிரு ஆரம்பிச்சிருக்கும், கம்பளிச் சட்டைய எடு” என்றார். அவ்வளவுதான் அவருக்குப் பேச வரும்.

அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தால் தவறாக எண்ணாதே. கோழிக்கும் பட்டாசுக்கும் ஆனதை வீட்டுச் செலவில் எழுதிவிட்டேன். உன் பேரில் எதுவும் இல்லை. யாருக்கும் எதையும் நீ ஈடுகட்ட வேண்டியதில்லை, ராசா. ஆடுவதோ விடுவதோ பிறகு. முதலில் சாப்பிடு.

குவாங்சோவைத் தாண்டி அப்பா போனதே இல்லை என்பது உனக்குத் தெரியும். வழி கேட்டுக் கேட்டுத்தான் வந்திருப்பார். தனியாகத் திரும்பத் தெரியாது. அவருக்குப் போகும் டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். திரும்பும் டிக்கெட்டை நீ எடு. இரண்டாக எடு.

தாய் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
லான்ஃபெங்