ஆறாம் பக்கத்தில் சித்தப்பா

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுத இன்று கை வரவில்லை. அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த அப்பாவின் இதய ஆபரேஷனை இன்றைக்கே வைத்துவிட்டார்கள், உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம் ஆகிறது. போனில் சொன்னால் உடைந்துவிடுவேன். அதனால் நீ அனுப்பிய குடும்ப வரலாற்றுத் தாள்களின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன், பையில் வேறு காகிதம் இல்லை.

நம் லிஃப்ட் மெக்கானிக் சித்தப்பாவை ஆறாம் பக்கத்தில் ‘ஒன்றுவிட்ட சித்தப்பா’ என்று போட்டிருக்கிறாயே, ஏனம்மா? அப்பாவுடைய சித்தி மகன், முறைப்படி நீ எழுதியது சரிதான். ஆனால் ஐந்து வயதிலிருந்து அப்பாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர். நீ பள்ளியில் கையை முறித்துக்கொண்ட அன்று பாதி கழற்றிய லிஃப்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்பா பெருமை தாங்காமல் தாள்களை முதலில் அவரிடம்தான் கொடுத்தார். ஆறாம் பக்கத்தோடு மூடிவிட்டு, புள்ள நல்லா எழுதியிருக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர் பதினெட்டு நாளாகத் தலைகாட்டவில்லை. அப்பா தினமும் வாசலைப் பார்த்தார். எனக்கு உன்மேல் கோபம்தான், மறைக்கவில்லை.

இன்று காலை ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும் போதாது, நெருங்கிய உறவு இன்னொருவர் வேண்டும் என்றார்கள். போன் போட்டேன், இருபது நிமிஷத்தில் கிரீஸ் கையோடு வந்து நின்றார். பேனாவை வாங்கியவர் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். அண்ணி, நான் ஒன்னுவிட்டவன்தானே, என் கையெழுத்து செல்லுமா என்று கேட்டார். உள்ளே படுத்திருக்கிறவர்கிட்டயே போய்க் கேளுங்க என்று கத்திவிட்டேன், வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் பேனாவை மறுபடி எடுத்து, ‘தம்பி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தலில் அடியிலிருந்த தாளிலும் பதிந்துவிட்டது. இப்போது லிஃப்ட் கதவருகே நின்று, பேரிங் போயிருக்கு என்று காவலாளியைப் பாடாய்ப் படுத்துகிறார். பயம் வந்தால் அவருக்கு இப்படித்தான். இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போவதும் அவர்தான், படிப்பார். படிக்கட்டும்.

அச்சுக்குப் போகுமுன் அந்தச் சொல்லை எடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு உட்காராதே. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு.

கதவு திறக்கிறது. நோயாளியின் தம்பி யார் என்று நர்ஸ் கூப்பிடுகிறாள். நான் எழுவதற்குள் அவர் ஓடிவிட்டார்.

அம்மா