குனிந்தால் நெளியும் சாலை

மார்ச் 4, செவ்வாய்
காலையில் சைக்கிளில் அலுவலகம் போகும் வழியில் தபால் பெட்டியில் மோதி விழுந்தேன். பெட்டி பல வருடங்களாக அதே இடத்தில்தான் நிற்கிறது. தப்பு அதனுடையது என்று வாதாட வழியில்லை. முழங்காலில் சிராய்ப்பு. மனைவி மருந்து போட்டாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா சைக்கிள் என் தம்பி வீட்டுக்குப் போயிடும்" என்றாள்.

மார்ச் 5
அந்தத் தம்பி, என் மச்சான், நலம் விசாரித்தான். முழங்காலைப் பற்றி ஒரு கேள்வி. சீட்டின் உயரத்தைப் பற்றி மூன்று.

மார்ச் 8
கண்ணாடிக் கடை. என் பவர் மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் தூரத்தில் மனைவியும் அலமாரியும் எனக்கு ஒன்றுதான் (அவளிடம் சொன்னதில்லை). கடைக்காரம்மா, சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே வளைவாகச் செய்த ஃபிரேம் ஒன்றைக் கொடுத்தார். நாற்காலியில் உட்காரவைத்து, அதை மாட்டிவிட்டு, கருவிழிக்கு நேராக அதன் கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைத்தார். லென்ஸின் மையம் அங்கேதான் வருமாம். அதை விட்டுத் தள்ளிப் பார்த்தால் எல்லாம் நெளியுமாம். நான் நன்றாக நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

மார்ச் 15
கண்ணாடி வந்தது. "வெல்டிங் பட்டறைக்காரர் மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி. பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 17
நின்றால் தெளிவு. ஓட்டினால் சாலை நெளிகிறது. விழவில்லை; இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். மேலாளர் "பஞ்சரா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 18
இன்றும் பஞ்சர்.

மார்ச் 19
மச்சான் காற்றடிக்கும் பம்பு வாங்கியிருக்கிறானாம். அவனிடம் சைக்கிள் கிடையாது.

மார்ச் 20
கோளாறு கண்ணாடிக்கா, எனக்கா? வயசாயிடுச்சோ? பேசாம சைக்கிளைக் குடுத்துடலாமா — முடியாது. ஆபீஸ் அவங்களோடது, வீடு எல்லாரோடதும். நடுவுல அந்த இருபது நிமிஷம்தான் என்னோடது. அதுவும் போயிட்டா? பயமா இருக்கு.

மார்ச் 22
சண்டை போடலாம் என்று கடைக்குப் போனேன். "எப்படி ஓட்டுவீங்க, காட்டுங்க" என்றார் கடைக்காரம்மா. குனிந்து கைகளை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு குனிவீங்களா? அன்னைக்கே சொல்ல வேண்டாமா?"

"நீங்க கேக்கலையே."

"நாற்காலியில வெச்சு அளந்தது என் தப்புதான். சைக்கிளை உள்ளே கொண்டாங்க."

என் ஹேண்டில்பார் தாழ்வானது. குனிந்தால் லென்ஸின் மேல் விளிம்பு வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறேன். பழைய கண்ணாடியில் விளிம்புக்கும் மேலே, வெறுங்கண்ணால். தபால் பெட்டி நிரபராதி.

கடை நடுவில் சைக்கிள். ஏறிக் குனிந்தேன். கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரம்மா தரையில் மண்டியிட்டு, மேலே தள்ளிப் புதுப் புள்ளி வைத்தார். "ரோட்டைப் பாருங்க" என்றார். சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தேன்.

மார்ச் 31, திங்கள்
புது லென்ஸ். தபால் எடுக்கும் நேரத்தைப் படித்துக்கொண்டே பெட்டியைக் கடந்தேன்.

மாலை, முதல் தடவையாகத் தெருத் திருப்பத்திலேயே எங்கள் வாசல் தெரிந்தது. மனைவி நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா?" என்றாள், தலையைத் தூக்காமல். பதினோரு வருடமாக இப்படித்தான் கேட்கிறாள்.

ஏப்ரல் 1
இன்றும் நின்றாள்.

ஏப்ரல் 4
மச்சான் பம்பை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மாலை, திருப்பத்தில் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன். அவள் உள்ளே போக நேரம் வேண்டும்.