மலை ஏறும் ஜீப்

14 நவம்பர், வெள்ளி

காரைக்காலில் மலை கிடையாது. மேடு என்றால் பாலத்து ஏற்றம்தான். இங்கே மலை ஏற ஒரு ஜீப் வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். துபாயிலிருந்து வந்ததும் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை வாங்கினார். அது போதாதென்று பாடியை உயர்த்தி, டிராக்டர் கணக்காக டயர் மாட்டி, வெள்ளத்தில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விட ஒரு குழாயும் வைத்தார். இதுவரை அது ஏறியது எங்கள் வாசல் சரிவில் மட்டும்.

காலையில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பில் விரிசல் என்று பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணப் போனேன். "அது எதுக்கு, இவ்வளவு பெரிய வண்டி நிக்கிது" என்று இவர் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார். அதன் படியே மாமியின் இடுப்புயரம். நாற்காலி போட்டுப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் காலைத் தூக்கும்மா" என்கிறார். காலைத் தூக்க முடிந்தால் ஆஸ்பத்திரி எதற்கு?

நான் தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தேன். அது குழியில் இறங்கும்போதெல்லாம் மாமி என் கையை நசுக்கினார். பின்னால் இவர், பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு, ஊர்வலம் மாதிரி வருகிறார்.

"தம்பி பின்னால வர்றானா?" என்று மாமி கேட்டார்.

"வர்றாங்க மாமி."

"ரோடு பூரா பள்ளமா கெடக்கு. வண்டி குலுங்கப் போவுது, பாத்து வரச் சொல்லும்மா."