எருமைக்கு ஒரு பாட்டில்

நர்ஸம்மா, எடப்பாடியில் ஒருவரும் நம்பாத ஒரு கதையை எழுதப்போகிறேன். எங்கள் வீட்டு மூன்று தறிகளும் சாட்சி.

இன்று காலை பரணைத் துடைக்கும்போது ஒரு வெள்ளை பாட்டில் உருண்டுவந்து என் தலையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஊரே தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. மூடியைத் திறந்தேன். காலி. ஆனால் மருந்து வாடை அப்படியே இருந்தது. நீங்கள் கண்மூடி மூன்று மாதமாகிறது; வாடைக்கு அது தெரியவில்லை.

இந்த பாட்டில் வீட்டுக்கு வந்த சமயம் என் தங்கை மகள் நித்யாவுக்கு நான்கு வயது. விரலிடுக்கிலும் வயிற்றிலும் பொரிப்பொரியாகக் கிளம்பி, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. ஆறும்வரை கூட்டிவர வேண்டாம் என்று பால்வாடி டீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளை தினமும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். மேட்டூர் அணை இரண்டு முறை நிரம்பியிருக்கும்.

வீட்டுக்கு நான்தானே பண்டிதன்? பார்த்தவுடன் ‘அக்கி’ என்று தீர்ப்பு வழங்கினேன். பானை வனைகிறவரைக் கூட்டிவந்து, காவியைக் குழைத்து அக்கி எழுதவைத்தேன். அக்கியைப் பயமுறுத்தி விரட்ட வயிறு முழுக்க ஒன்பது சிங்கங்கள். மூன்றாம் நாள், பிள்ளை சொறிந்த சொறியில் ஒன்றுக்கும் வாலில்லை.

துணை சுகாதார நிலையத்தில் நீங்கள் அவள் விரல்களை விரித்துப் பார்த்தீர்கள்.

“சிங்கமெல்லாம் ஜோராத்தான் இருக்குதுங்ணா. ஆனா உள்ள இருக்கற பூச்சி பயப்படோணுமே. இது அக்கி இல்லீங்க, சொறி. டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க.”

டாக்டர் புண்ணுக்குத் தனி மருந்தும் சொறிக்கு லோஷனும் எழுதித் தந்தார். நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள்: அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும்.

“ஏனுங்ணா, உங்களுக்கு அரிக்குதுங்களா?”

“எனக்குங்களா? எங்க பரம்பரையிலயே எவனும் சொறிஞ்சதில்லீங்க.”

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன். அங்கே அவற்றுக்கு வேலை இருந்தது.

எல்லோரும் பூசினார்கள். நானும் பூசியதாக அறிவித்தேன். நித்யாவுக்கு ஆறியது, பால்வாடிக்குப் போனாள். மூன்றாம் வாரம் விரலிடுக்கு மறுபடி சிவந்தது. மறுபடி பை, மறுபடி வாசல், மறுபடி அழுகை. வீடே குழம்பியது. தறித்தூசி என்றார் மச்சான். மேட்டூர்க் காற்று என்றேன் நான். வெந்நீர் போதவில்லை என்று தங்கை துணியை வேகவைத்ததில் என் வேட்டி கைக்குட்டையாகிவிட்டது.

அப்புறம் நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். நித்யா என் மடியில் உட்கார்ந்து என் மீசைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தீர்கள்.

“டாக்டர்கிட்டக் கேட்டுத்தான் கொண்டாந்தேன். இது உங்க எருமைக்குங்ணா.”

“எங்க ஊட்டுல எருமையே இல்லீங்களே?”

“இருக்குதுங்க. சாயங்காலம் கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும் பூசிவுட்டுக் காலைல குளிக்க வைங்க. அடுத்த வாரமும் ஒருக்கா. மத்தவங்களும் கூடவே பூசிக்கோணும். எருமையத் தவறவுட்டீங்கன்னா பாப்பா பால்வாடிக்குப் போவாது.”

தங்கை கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

எருமை குளித்தது. நித்யா பால்வாடிக்குப் போனாள். அதன்பின் அவள் வாசலில் நின்று அழவில்லை.

எனக்குத்தான் இன்றுவரை விளங்கவில்லை. முதல் நாளே தெரிந்துதான் கேட்டீர்களா? தெரிந்திருந்தால் எல்லோர் முன்னாலும் என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? சந்தையில் பார்க்கும்போதெல்லாம், “எருமை சௌக்கியங்களா?” என்பீர்கள். “சௌக்கியமுங்க” என்பேன். சொல்லிவிட்டுத் தக்காளிக் கடைப்பக்கம் நழுவிவிடுவேன்.

இப்போது சொல்கிறேன். சிங்கம் ஒன்பதில்லை, ஒன்றுதான். அதுவும் பூனைபோல் இருந்தது. என் வேட்டியும் சுருங்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட அன்று எனக்கு அரித்தது நிஜம். ‘ஆமாங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை பையோடு வாசலில் நின்றிருக்க மாட்டாள்.