பாறை உட்கார்ந்திருக்கு

அன்பு மகளுக்கு,

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த பங்குனி அது. நீ அப்போது பாவாடை கட்டிய பிள்ளை.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பங்குனிக் கோயில் பொங்கலன்று மூன்று பேர் மலையேறி, உச்சிப் பாறையைத் தாங்கும் முட்டுக்கல்லைத் தட்டிப் பார்ப்போம். "பாறை உட்கார்ந்திருக்கு" என்று மேலிருந்து குரல் கொடுத்த பிறகுதான் கீழே அடுப்பு மூட்டுவார்கள்.

அந்த வருஷம் முட்டுக்கல் புயல் மழையில் நழுவிக் கிடந்தது. மூவரும் நெட்டித் தள்ளியும் அது இடத்தில் ஏறவில்லை. தவசி சொன்னான்: "ஏலே, பொம்பளைக பச்சத்தண்ணி குடிக்காம நிக்காளுக. குரலக் குடு, நாளைக்குப் பாப்பம்." கொடுத்தது நான்தான். கீழே குலவைச் சத்தம் கேட்டது.

அந்த நாளை வரவேயில்லை. பொய்யை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, வருஷாவருஷம் அதே குரலைக் கொடுத்தோம். அன்று பாறையின் முதுகுப்பக்க இடுக்கில் என் விரல்தான் நுழைந்தது. போன வாரம் ஏறிப் பார்த்தேன். தோள் வரை கை போகிறது.

இதை எழுதித் தரும் தபால்காரர் பேனாவை நிறுத்திவிட்டு, "பெருசு, வீடு கட்டப்போற பிள்ளைய ஏன் பயங்காட்டுதீக?" என்கிறார். எழுதும் என்று சொல்லிவிட்டேன்.

மலையடி மனையில் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட வேண்டாம், தாயி. பேரப்பிள்ளைகளை அங்கே படுக்கப் போடாதே. தவசி போய்ச் சேர்ந்துவிட்டான். என் பேச்சை நம்பாவிட்டால், எங்களோடு ஏறிய மூன்றாம் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துக் கேள். அந்த மனையை உங்களுக்குக் கொடுத்த உன் மாமனார், சௌந்தரபாண்டியன்.

கைநாட்டு வைக்கும்
உன் அய்யா