லட்டுக்குப் போட்ட மஞ்சள்

9-9-1958, செவ்வாய். உறையூர்.

மிட்டாய்க் கடை சுப்பையா காலையில் என் சாயப் பட்டறைக்கு வந்து மஞ்சள் சாயப்பொடி ஒரு பொட்டலம் கேட்டார். போன மாதமும் வாங்கினார். வீட்டில் தறி வைத்திருக்கிறார், நூலுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இன்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்டேன், “எத்தனை கட்டு நூலுங்க?”

“நூலா? லட்டுக்குங்க. ஒரு சிட்டிகை போட்டா தகதகன்னு இருக்கு.”

“இது வயித்துக்குள்ள போற சாமானாங்க?”

“சர்க்காரே சும்மா இருக்கு. உங்களுக்கென்ன வந்துச்சு?”

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டேன். முறைத்துவிட்டுப் போனார். வேறு பட்டறையில் வாங்கிக்கொள்வார். கலப்படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று என்று பேப்பரில் படித்தேன். போட்டு என்ன? ஒரு ஆபீசராவது இந்தத் தெருவுக்கு வந்து லட்டைப் பிட்டுப் பார்த்ததுண்டா?

என் கையில் சாயக் கறை இருந்தால் மனைவி சோறு போட மாட்டாள். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்வாள்.

போன வெள்ளிக்கிழமைதான் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. லட்டு சுப்பையா கடையில்தான் வாங்கினோம். நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் சீராக ஏறியிருக்கிறது என்று, நூலைப் பார்க்கிற கண்ணால் பார்த்து மெச்சினேன். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. “போதும்ப்பா” என்றாள். “இன்னொண்ணு சாப்பிடும்மா” என்று நான்தான் ஊட்டிவிட்டேன்.