தெருமுனைப் பள்ளியின் மதில்

ஆகஸ்ட் 4, திங்கள்

சிகாகோவிலிருந்து மெக்சிகோவில் எங்கள் ஊர் அகாம்பரோ வந்து பத்து நாள் ஆகிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் முடிவாகவில்லை. யரேலிக்கு ஒன்பது வயது, ப்ரையனுக்கு ஆறு. இரண்டும் அங்கே பிறந்ததுகள். மெக்சிகோ என்றால் அதுகளுக்கு அப்பா சொன்ன கதை, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மார்ச்சில் கூரை வேலையில் விழுந்து போய்ச்சேர்ந்துவிட்டார். கதை சொல்ல ஆளில்லை என்று நான் அதுகளைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடம் பார்த்துப் பொறுக்கி எடுக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் ஏது.

நாத்தனார் இமெல்டா வீட்டில்தான் இருக்கிறோம். அவளுக்கு இதில் குழப்பமே இல்லை. "தெருமுனையில அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கு. அண்ணன் படிச்சது. செருப்பு தேயாமப் போய்ட்டு வரலாம். இதுல என்ன அண்ணி யோசனை?"

"இங்கிலீஷ் மறந்துடுமே" என்றேன். நல்ல காரணம். சொன்ன எனக்கே கேட்க மரியாதையாக இருந்தது.

ஆகஸ்ட் 7

தெருமுனைப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் நிகாந்த்ரோ, என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டார். "ஃபெர்மினோட பிள்ளைங்களா! அவன் எங்கிட்ட பாடம் கேட்டதைவிட அந்த மதிலேறிக் குதிச்சு ஓடினதுதான் ஜாஸ்தி." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வராந்தாவைக் காட்டினார். "அக்டோபர் கடைசியில இங்கதாம்மா செத்தவங்களுக்குப் படையல் வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் அது வீட்டுல இறந்தவங்க போட்டோவைக் கொண்டுவரும். ஃபெர்மினை நடுவுல வெச்சுடுவோம்."

வயிறு வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இமெல்டாவிடம் அந்தப் பள்ளியில் கழிப்பறைக் கதவு சரியில்லை என்றேன். பதினோரு வருஷம் ஓட்டல் கழிப்பறை கழுவியவள் சொன்னால் அந்த விஷயத்தில் ஒரு மதிப்பு உண்டு. நம்பிவிட்டாள். நான் கழிப்பறைப் பக்கமே போகவில்லை.

அவர் போட்டோ பெட்டிக்குள் துண்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. குப்புற.

ஆகஸ்ட் 12

இன்று பெரிய ரோட்டில் இருக்கும் தனியார் இங்கிலீஷ் பள்ளி. சுவரில் ராஜா கோட்டைப் படம். டீச்சரை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். மிஸ் லோரேனா யரேலியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். யரேலி என் காதில், "இவங்க என்ன பாஷைம்மா பேசுறாங்க?" என்றாள். கையைக் கிள்ளினேன்.

ரொம்ப விவரம் தெரிந்தவள் மாதிரி நான் ஒரு கேள்வி கேட்டேன். "அக்டோபர் கடைசியில இங்க என்ன பண்ணுவீங்க?"

"ஹாலோவீன் ஊர்வலம், சென்யோரா. பிள்ளைங்க வேஷம் போட்டுட்டு வரும். ஒரே கும்மாளம்."

"படையல்?"

"அதெல்லாம் அவங்கவங்க வீட்டுல. இங்க சோகமே கிடையாது."

அங்கேயே பணத்தைக் கட்டினேன். கணக்குச் சொல்லித் தருவது யார், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் — ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

முதல் நாள், கொடி வணக்கம். எல்லாப் பிள்ளைகளும் உள்ளங்கை தரையைப் பார்க்கிற மாதிரி கையை நெஞ்சுக்கு முன்னால் மடக்கி நிற்கின்றன. என்னுடையது இரண்டும் அமெரிக்காவில் செய்வதுபோல் நெஞ்சின்மேல் கையைப் பதித்து நிற்கின்றன. "கிரிங்கோ, கிரிங்கோ" என்று, அமெரிக்காக்காரர்களைக் கேலி பண்ணும் பெயர், ஒரே சிரிப்பு. சிரித்தவர்களை முறைத்தேன். பக்கத்தில் நின்றவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்.

செப்டம்பர் 19

குடும்பப் படம் வரைந்து வரச் சொன்னார்களாம். ப்ரையன் அப்பாவையும் சேர்த்து நாலு பேர் வரைந்தான். மிஸ் நட்சத்திரம் போட்டுத் தந்திருக்கிறார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதற்குத்தானே பணம் கட்டினேன்.

அக்டோபர் 14

இமெல்டா வீட்டுப் படையலுக்குச் செண்டுமல்லி சொல்லிவைக்கக் கிளம்பினாள். "அண்ணன் போட்டோ எங்க அண்ணி?"

"செத்து வருஷம் திரும்பலையே. முதல் வருஷம் படையலுக்கு வந்துபோக மேல லீவு கொடுக்க மாட்டாங்க." சின்ன வயதில் கேட்டதுதான். செத்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். நான் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.

"எங்க அண்ணனுக்கா லீவு கிடைக்காது? உசுரோட இருந்தப்ப என்னிக்கு அவன் கேட்டு லீவு எடுத்தான்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வீட்டில் கதவு நன்றாகத்தான் சாத்துகிறது.

அக்டோபர் 29

ஹாலோவீன் ஊர்வலத்துக்கு வௌவால் உடை வாங்கி வைத்திருந்தேன். ப்ரையன் வேண்டாம் என்றுவிட்டான். தானே பெட்டியைத் திறந்து அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்டையும் சுத்தியல் மாட்டுகிற இடுப்புப் பட்டையையும் எடுத்துவந்தான். கட்டட வேலைக்காரன் வேஷம், நல்ல வேஷம்தானே என்று நானே பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி அனுப்பினேன். என் புத்தி.

பேய், பிசாசு, சூனியக்காரி. நடுவில் மூக்குவரை ஹெல்மெட் இறங்கிய என் பிள்ளை. மிஸ் லோரேனா மைக்கை நீட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீ யாரு செல்லம்?"

"எங்கப்பா."

"ஓ! பயமுறுத்துற அப்பாவா?"

"இல்ல. செத்துப்போன அப்பா."

மைக்கில் சொன்னான். பாட்டை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன்? கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன்.

திரும்பி வரும்போது கேட்டான், "இவங்கல்லாம் வேஷம். நெஜமா செத்தவங்க எப்பம்மா வருவாங்க?"

யரேலி அவனை இடித்தாள். "அம்மாகிட்ட கேக்காதேன்னு சொன்னேன்ல. அழும்."

சொன்னேன்ல — அப்படியென்றால் எத்தனை நாளாகச் சொல்லிவைத்திருக்கிறாள்? இந்த வீட்டில் யார் யாரை மேய்க்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்டோபர் 30

துண்டுகளுக்கு நடுவிலிருந்து போட்டோவை எடுத்தேன். மூன்று பேரும் தெருமுனைக்குப் போனோம்.

"ஐயா, இடம் இருக்கா?"

நிகாந்த்ரோ ஐயா போட்டோவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "படையல்லயா, வகுப்புலயா?"

"ரெண்டுலயும்."

"படையல்ல நடுவுல இருக்கு. வகுப்புல கடைசி பெஞ்சுதான். கொஞ்சம் ஆடும்."

படையலில் ஒரு பக்கம் யாரோ மீசைக்காரர் போட்டோ, இன்னொரு பக்கம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் செத்துப்போன நாய் போட்டோ. நடுவில் அவர். ப்ரையன் ஹெல்மெட்டை முன்னால் வைத்தான். ஆனாலும் அவனுக்குச் சந்தேகம். "அப்பா சிகாகோவுலேர்ந்து வரணும். இங்க வழி தெரியுமா?"

ஐயா மதிலைக் காட்டினார். "வாசல் தெரியுமோ என்னவோ. அந்த வழி நல்லாத் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன். யரேலி கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

கழிப்பறையையும் போய்ப் பார்த்தேன். கதவு உண்மையிலேயே சரியில்லை.

நவம்பர் 3, திங்கள்

இங்கே கொடி வணக்கம். யரேலி கையைச் சரியாக வைத்தாள். ப்ரையனுக்கு இன்னும் நெஞ்சில்தான் போகிறது கை. யாரோ சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

காலிப் பெட்டியை இமெல்டாவிடம் கொடுத்துவிட்டேன். போர்வை வைத்துக்கொள்கிறாளாம்.

இந்தப் பள்ளியில் அம்மாக்கள் முறைவைத்துப் பெருக்க வேண்டும். முதல் நாளே என் முறை. படையல் கலைத்த பூ முற்றமெல்லாம் கிடந்தது. வாசலில் ஆரம்பித்து, வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

ஃபெர்மினுக்கு லீவு முடிந்திருக்கும். மதிலேறித்தான் போயிருப்பார். வாசல் வழியாகப் போயிருந்தால், துடைப்பமும் கையுமாக நின்றிருந்த என்னைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்.